அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டால்: அப்பீலா, பெடரல் கோர்ட்டா, மனிதாபிமான விண்ணப்பமா?

கனடாவில் அகதிக் கோரிக்கையின் முடிவுக் கடிதம் வந்த அன்று அதை யாரும் வாசிப்பதில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள், மறுக்கப்பட்டது என்று இருக்கும், உடனே போனை எடுப்பார்கள். அன்றிரவுக்குள் மூன்று ஆலோசனை வந்து சேர்ந்துவிடும். மச்சான் "நாளைக்கே அப்பீலைப் போடு" என்பார். வேலைத்தலத்தில் ஒருவர் "அப்பீல் சும்மா, பெடரலுக்குப் போ" என்பார். கோயிலில் கண்ட அக்கா ஒருவர் "எங்கட தம்பிக்கு எச் அண்ட் சியிலதான் கிடைச்சது, அந்த மனிதாபிமான விண்ணப்பம், அதைப் போடுங்கோ" என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்கு நடந்ததைச் சொல்கிறார்கள். அவர்களுடைய கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் லோயர் இல்லை. தமிழ்க் கடிதங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. அந்த வேலையால் ரொறன்ரோவில் பல வீட்டுச் சாப்பாட்டு மேசைகளில் இருந்து இந்த முடிவுக் கடிதங்களை வரி வரியாக வாசித்துச் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. கண்டது இது: எந்த வழியால் போவது என்று கடைசிப் பக்கம் சொல்லாது, நடுப்பக்கங்கள்தான் சொல்லும். இன்னொன்று, இது இல்லாவிட்டால் அது, அதுவும் இல்லாவிட்டால் மற்றது என்று இந்த வழிகள் வரிசையில் காத்துக்கொண்டு நிற்பதாக ஒரு நினைப்பு எங்கள் ஆட்களிடம் உண்டு. அது பிழை. ஒவ்வொன்றும் பார்க்கிற பொருளே வேறு.

வழிகளைக் கதைப்பதற்கு முன் நடுப்பக்கம். கனடாவில் கோரிக்கையைக் கேட்டு முடிவெடுப்பது குடிவரவு அகதிகள் வாரியத்தின் அகதிகள் பாதுகாப்புப் பிரிவு. அங்கே இருந்து வருகிற மறுப்புகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். ஒன்று, நீங்கள் சொன்னதை உறுப்பினர், அதாவது விசாரித்து முடிவெடுக்கிறவர், நம்பவில்லை. இரண்டு, நம்புகிறார், ஆனால் உங்கள் நாட்டுக்குள்ளேயே வேறோர் ஊரில் போய் இருக்கலாம் என்கிறார். மூன்று, அன்றைக்கு ஆபத்து இருந்தது சரி, இன்றைக்குத் திரும்பினால் இருக்காது என்கிறார். இலங்கைத் தமிழர் கோப்புகளில் மூன்றாவது வகை 2009க்குப் பிறகு கூடியது. வடக்கிலிருந்து வரும் தமிழர் என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரையும் ஒரு குழுவாகக் கருதிப் பாதுகாப்புக் கொடுக்கத் தேவையில்லை என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு 2010 யூலையில் எழுதிய வழிகாட்டலை எத்தனையோ முடிவுகளில் மேற்கோளாகப் பார்க்கலாம்.

இரண்டாவது வகைக்கு எங்களோடு ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. "உள்நாட்டில் மாற்றிடம்" என்ற அந்த விதியைக் கனடாவில் வரையறுத்த இரண்டு முக்கியத் தீர்ப்புகளும் இலங்கைத் தமிழர்களுடைய வழக்குகள்: 1991இல் இரசரத்தினம், 1993இல் திருநாவுக்கரசு. இரண்டிலும் கேள்வி, கொழும்பில் போய் இருக்க முடியாதா என்பதுதான். அந்த ஊரில் துன்புறுத்தப்படும் கடும் வாய்ப்பு இல்லையென்றும், அங்கே போய் வாழச் சொல்வது நியாயத்துக்கு முரணாக இல்லையென்றும் இரண்டும் தெளிந்தால்தான் மறுக்கலாம் என்று அவை வைத்தன. மலைக் குகையிலோ பாலைவனத்திலோ காட்டிலோ போய் ஒளிந்திரு என்று ஒருவரிடம் சொல்ல முடியாது என்றும் திருநாவுக்கரசு தீர்ப்பில் இருக்கிறது. இன்று சிரியர், நைஜீரியர், பஞ்சாபியர் கோப்புகளிலும் இந்த இரண்டு தமிழ்ப் பெயர்களும் மேற்கோளாக வருகின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடிதத்தில் இரண்டு காரணம் இருந்து, அதில் ஒன்று மாற்றிடம் என்றால், மற்றக் காரணத்தை மட்டும் உடைத்துப் பயனில்லை. "நான் பொய் சொல்லவில்லை" என்று இருபது பக்கம் எழுதிவிட்டு, "கொழும்பில் ஏன் இருக்க முடியாது" என்பதைத் தொடாமல் விட்ட ஒரு மேன்முறையீட்டை நான் பார்த்திருக்கிறேன். அது தோற்றதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

சரி, அப்பீல். வாரியத்துக்குள்ளேயே இருக்கும் அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்குத்தான் எங்கள் ஆட்கள் அப்பீல் என்கிறார்கள். எழுத்து வடிவில் காரணங்கள் கைக்கு வந்ததிலிருந்து 15 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல் போக வேண்டும். அதே நாளிலிருந்து எண்ணி 45 நாளுக்குள் முழுக் கோப்பும் போக வேண்டும். முன்பு இது 30 நாளாக இருந்தது, பழைய ஆட்கள் இன்னும் அதையே சொல்வார்கள். இரண்டாவது கெடு அறிவித்தல் போட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை. காரணங்கள் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. இதில் வழுக்கி விழுந்தவர்கள் நிறையப் பேர். கட்டணம் கிடையாது.

பெரியவர்கள் சிலர் "அப்பீல் என்று ஒன்றே இல்லை, பெடரல்தான்" என்று அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்களுக்கு உண்மையிலேயே அது இருக்கவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் அகதிக் கோரிக்கையாளரை நேரில் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்றது. 1989இல் வாரியம் வந்தது. மேன்முறையீட்டுப் பிரிவு 2001இல் நிறைவேறிய சட்டத்தில் எழுதப்பட்டும், பத்து வருடத்துக்கு மேல் காகிதத்திலேயே கிடந்தது. 2012 டிசம்பர் 15ஆம் திகதிதான் கதவு திறந்தது. ஆகவே அந்தப் பெரியவர்கள் சொல்வது அவர்களுடைய காலத்துக்குச் சரி.

இந்த அப்பீலின் பலம் எங்கே என்றால், இங்கே இருக்கிற உறுப்பினர் கீழே எடுத்த முடிவு "ஏற்கத்தக்கதா" என்று மட்டும் பார்ப்பதில்லை. கோப்பு முழுவதையும் தானே பார்த்து, சரியா பிழையா என்று முடிவெடுக்கிறார். 2016இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஹுருக்லிகா வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. பிழை என்று கண்டால், இவர் அகதிதான் என்று அங்கேயே எழுதிவிடலாம். கீழே திருப்பி அனுப்ப வேண்டும் என்றுகூட இல்லை. மற்ற எந்த வழியிலும் உங்கள் அகதிக் கதையை முழுதாக, புதுக் கண்ணால் பார்த்து, நேரடியாகப் பாதுகாப்புக் கொடுக்கிற அதிகாரம் இந்த அளவுக்கு இல்லை. என்னைக் கேட்டால், இருக்கிற காசையும் தெம்பையும் இங்கேதான் போட வேண்டும் என்பேன்.

ஆனால் இங்கே பொதுவாக யாரும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். காகிதம்தான். வாதம் 30 பக்கத்தைத் தாண்டக் கூடாது. புதிய சான்று கொடுக்கலாம், அதற்கும் கடிவாளம் உண்டு: மறுப்புக்குப் பிறகு உருவானதாக இருக்க வேண்டும், அல்லது அப்போது நியாயமான முறையில் கிடைக்காததாகவோ, அந்தச் சூழ்நிலையில் கொடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாததாகவோ இருக்க வேண்டும். நான் மொழிபெயர்க்கிற கடிதங்களில் பாதி இந்த இடத்தில்தான் விழுகின்றன. மறுப்பு வந்த பிறகு அம்மா ஒரு கடிதம் எழுதுவார், சமாதான நீதவான் (ஜே.பி.) ஒருவர் ஒரு கடிதம் கொடுப்பார், பங்குத் தந்தை ஒன்று, கிராம சேவையாளர் ஒன்று. திகதி எல்லாம் புதிது. உள்ளே இருப்பது 2017இல் நடந்த கதை. காகிதத்தின் திகதி புதிதாக இருந்தால் சான்று புதிதாகிவிடாது. அதில் சொல்லப்படுகிற சம்பவம் எப்போது நடந்தது, ஏன் முன்பே கொடுக்கவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு மாறாக, மறுப்புக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்குச் சிஐடி வந்து உங்களைப் பற்றி விசாரித்ததாக அம்மா எழுதினால் அது வேறு கதை. அப்படியான சான்று நம்பகத்தன்மை பற்றிப் பெரிய கேள்வியை எழுப்பி, முடிவையே மாற்றக்கூடியதாக இருந்தால் நேரில் விசாரணை வைக்கவும் இடமுண்டு.

புதுக் காகிதத்தை விடப் பெரிய புதையல் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது, பெரும்பாலானோர் தொடுவதில்லை. விசாரணையின் ஒலிப்பதிவு. அதைக் கேட்டு வாங்கலாம். கிளிநொச்சிப் பக்கத்து ஒருவருடைய கடிதத்தை வாசித்தபோது, "படிவத்தில் ஒரு வாரம் தடுத்து வைத்திருந்தார்கள் என்றார், விசாரணையில் ஒரு நாள் என்றார், இந்த முரண்பாடு கோரிக்கையின் மையத்தைத் தொடுகிறது" என்று இருந்தது. அவர் சத்தியம் பண்ணினார், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று. பதிவை இரண்டு பேரும் இருந்து கேட்டோம். அவர் சொல்லியிருந்தது, "பிடிச்சுக் கொண்டு போய் ஒரு கிழமை வைச்சிருந்தவங்கள்." மொழிபெயர்த்தவருடைய பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கிழமை என்றால் வாரம். தமிழ்நாட்டில் கிழமை என்றால் திங்கள், செவ்வாய் என்கிற நாள். ஆங்கிலத்தில் போனது ஒரு நாள்.

இப்படி இன்னும் உண்டு. சின்னம்மாவின் மகனை "தம்பி" என்போம். ஆங்கிலத்தில் கூடப்பிறந்த தம்பியாகிவிடுவான், படிவத்தில் ஒன்றுவிட்ட சகோதரன் என்று இருக்கும், முரண்பாடு தயார். "பிடிச்சவங்கள்" என்ற ஒரு சொல் கைதாகவும் போகலாம், கடத்தலாகவும் போகலாம். சத்தியம் செய்து சொன்ன சாட்சியம், சந்தேகிக்கக் காரணம் இல்லாவிட்டால் உண்மை என்று கொள்ளப்பட வேண்டும் என்று மல்டொனாடோ வழக்கு 1979இலிருந்தே சொல்கிறது. சந்தேகத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டதே மொழிபெயர்ப்புப் பிழை என்றால் அந்தக் கட்டடம் ஆடும். மொழிபெயர்ப்புப் பிழையை முதல் சந்தர்ப்பத்திலேயே சொல்ல வேண்டும் என்று ஒரு விதி உண்டு, அதைக் காட்டி மடக்கப் பார்ப்பார்கள். ஆங்கிலம் தெரியாதவருக்கு அந்த இடத்தில் பிழை பிடிபட வழியில்லை, பதிவைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது என்று சத்தியக் கடதாசியில் விளக்க வேண்டும். நிமிடம், விநாடி குறித்து, அவர் சொன்னது இது, ஆங்கிலத்தில் போனது இது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். மினக்கெட்ட வேலைதான். எனக்குத் தெரிய இதைவிடப் பலன் தந்த வேலை இல்லை.

இந்த அப்பீல் எல்லோருக்கும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடிதத்தில் கோரிக்கைக்கு "நம்பத்தகுந்த அடிப்படை எதுவுமில்லை" என்றோ, அது "வெளிப்படையாகவே ஆதாரமற்றது" என்றோ எழுதப்பட்டிருந்தால் மேன்முறையீட்டுப் பிரிவு பூட்டு. அமெரிக்கத் தரை எல்லையால் வருகிறவர்களைப் பொதுவாக அங்கேயே திருப்பிவிடுவார்கள்; கனடாவில் மாமாவோ அக்காவோ இருக்கிறார் என்ற உறவு விலக்கில் உள்ளே விடப்பட்டவர்களுக்கும் பூட்டு. எங்கள் ஆட்களில் இந்த வகை கொஞ்சநஞ்சமில்லை. கூட்டமாகக் கப்பலில் வந்து "குறித்த வெளிநாட்டவர்" என்று அறிவிக்கப்படுகிறவர்களுக்கும் இல்லை. 2010இல் 492 தமிழரோடு சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்ததன் எதிரொலியாகப் பிறந்த விதி அது.

அப்பீல் பூட்டியவர்களுக்கும், அப்பீலிலும் தோற்றவர்களுக்கும் பெடரல் நீதிமன்றம். இங்கேதான் பெரிய தப்பபிப்பிராயம். நீதிபதி என்றவுடன் மேலே இருக்கிறவர், எல்லாவற்றையும் திரும்பக் கேட்பார் என்று நினைக்கிறோம். அவர் நீங்கள் அகதியா இல்லையா என்று பார்ப்பதே இல்லை. கீழே முடிவெடுத்தவர் நியாயமான வழியில் யோசித்தாரா, நடைமுறை ஒழுங்காக இருந்ததா என்பதை மட்டும் பார்க்கிறார். அந்த அளவுகோல் 2019இல் உச்ச நீதிமன்றத்தின் வாவிலோவ் தீர்ப்பில் நிலைபெற்றது. தான் வேறு முடிவெடுத்திருப்பேன் என்று நீதிபதி நினைத்தாலும், கீழே உள்ள முடிவு தர்க்கத்தோடு நின்றால் கை வைக்க மாட்டார். நீங்கள் வென்றாலும் கிடைப்பது அகதி நிலை இல்லை, வேறோர் உறுப்பினர் முன்னால் இன்னொரு தரம். கீழே கொடுக்காத சான்றை இங்கே பொதுவாகக் காட்ட முடியாது. "நல்ல காகிதத்தைக் கடைசிக்கு வைத்திருப்போம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அதற்கு முன் அனுமதி என்று ஒரு வாசல் இருக்கிறது. 15 நாளுக்குள் விண்ணப்பம், கட்டணம் 50 டொலர். அனுமதி மறுத்தால் காரணம் எழுத மாட்டார்கள், அந்த மறுப்புக்கு மேன்முறையீடும் கிடையாது. ஒரு வரி வரும், முடிந்தது. எந்த நீதிபதியின் மேசைக்குக் கோப்பு போகிறது என்பதைப் பொறுத்து அனுமதி கிடைக்கிற விகிதம் பெரிதும் மாறுவதை யோர்க் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஷான் ரேஹாக் பல வருடத் தரவுகளை வைத்துக் காட்டியிருக்கிறார். அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

இன்னொரு வித்தியாசம், ஆட்கள் இரவில் தூங்குவதும் தூங்காததும் இதைப் பொறுத்துத்தான்: நாடுகடத்தல் நிற்குமா? மேன்முறையீட்டுப் பிரிவில் கோப்பு இருக்கும்வரை உங்களை அனுப்ப முடியாது. வேலை அனுமதியையும் புதுப்பிக்கக் கேட்கலாம். அங்கே தோற்று, 15 நாளுக்குள் பெடரல் போனாலும் பொதுவாகத் தடை தானாகவே நீடிக்கும். கெடு தப்பி, கால நீட்டிப்புக் கேட்டுக்கொண்டு போனால் அந்தத் தானியங்கித் தடை கிடையாது. ஒரே ஒரு நாள் பிந்தினாலும் அப்படித்தான். அப்பீல் இல்லாமல் பாதுகாப்புப் பிரிவிலிருந்து நேரே பெடரல் போகிறவர்களுக்கும் தானாகத் தடை இல்லை. அவர்கள் தடையுத்தரவு கேட்டுத் தனியாக ஒரு மனுப் போட வேண்டும். தீவிரமான சட்டக் கேள்வி இருக்கிறது, அனுப்பினால் ஈடுசெய்ய முடியாத பாதிப்பு வரும், சமநிலை தன் பக்கம் சாய்கிறது என்ற மூன்றையும் காட்ட வேண்டும். 1988இன் டோத் வழக்கிலிருந்து வரும் சோதனை இது. விமான ரிக்கெட் கையில் இருக்கும்போது, சில சமயம் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இது நடக்கும். அந்த வேகத்துக்கு எழுதுகிற லோயர் செலவும் அந்த வேகத்தில்தான் ஏறும்.

அனுப்புவதற்கு முன் ஆபத்து மதிப்பீடு, அதாவது பி.ஆர்.ஆர்.ஏ., பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கோரிக்கை மறுக்கப்பட்டவர்கள் 12 மாதத்துக்கு இதைக் கேட்க முடியாது, பெடரல் நீதிமன்றம் வரை போயிருந்தால் அங்கே மறுத்த நாளிலிருந்து அந்த 12 மாதம் எண்ணப்படும். பிறகும் எல்லைச் சேவைகள் முகமை உங்களைக் கூப்பிட்டுப் படிவத்தைத் தந்து, 15 நாளுக்குள் கொடுத்தால்தான் நாடுகடத்தல் நிற்கும். பார்ப்பதும் மறுப்புக்குப் பின் வந்த புதிய சான்றை மட்டும். ஊரில் நிலைமை உண்மையாகவே மாறியிருந்தால் இது பெறுமதி. மற்றபடி, தோற்ற கதையைத் திருப்பிச் சொல்ல இன்னொரு மேடை என்று நம்பி இருப்பது வீண். கோரிக்கை வாரியத்துக்கே அனுப்பப்படாதவர்கள் நிலை வேறு. உதாரணமாக, முன்பு அமெரிக்காவிலோ பிரித்தானியாவிலோ கோரிக்கை வைத்திருந்தவர்களுக்கு இதுவே முதல் விசாரணை, நேரில் கேட்டாக வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

அந்தக் கோயில் அக்கா சொன்ன எச் அண்ட் சி, மனிதாபிமான விண்ணப்பம், முற்றிலும் வேறு பிராணி. இங்கே கேள்வி நீங்கள் அகதியா என்பது இல்லை. அகதி வரைவிலக்கணத்தின்படி ஆபத்தை எடைபோட அதிகாரிக்கு அனுமதியே கிடையாது. ஆனால் திரும்பிப் போனால் படப்போகும் கஷ்டத்தைப் பார்க்க வேண்டும். கனடாவில் வேர் விட்டிருக்கிறீர்களா, பிள்ளைகளின் நலன் என்ன, உடல்நிலை, மனநிலை என்ன, இவையெல்லாம் எடைக்கு வரும். வென்றால் கிடைப்பதும் நிரந்தர வதிவிடம்.

இதற்கும் எங்கள் பெயரில்தான் வழக்கு. 2010 ஏப்ரலில் வடக்கிலிருந்து 16 வயதில் கனடாவில் மாமா வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு பையன். அகதிக் கோரிக்கை மறுப்பு, ஆபத்து மதிப்பீடு மறுப்பு, மனிதாபிமான விண்ணப்பமும் மறுப்பு. ஆமியும் பொலிசும் பிடித்து விசாரித்ததில் அவனுக்கு மனவடு இருக்கிறது என்ற உளவியல் அறிக்கையை அதிகாரி ஏற்றுக்கொண்டே, இலங்கையில் சிகிச்சை கிடைக்காதா என்று கேட்டு ஒதுக்கியிருந்தார். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ரோசலி அபெல்லா, கஷ்டம் இவ்வளவு அசாதாரணமாக இருக்க வேண்டும் என்று ஒரு சூத்திரத்தை வைத்து அளக்காமல், ஆளின் முழுச் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். கந்தசாமி வழக்கு என்று அதைச் சொல்லாத மனிதாபிமான விண்ணப்பம் இன்று அருமை.

அப்படியென்றால் முதலிலேயே இதைப் போட்டால் என்ன? போட முடியாது. அகதிக் கோரிக்கையோ மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும்போது இதை ஏற்க மாட்டார்கள். மறுத்த பிறகும் 12 மாதம் காத்திருக்க வேண்டும். பிள்ளையின் நலன் நேரடியாகப் பாதிக்கப்படும் என்றாலோ, ஊரில் தகுந்த மருத்துவம் இல்லாமல் உயிருக்கே ஆபத்து என்றாலோ அந்தத் தடை விலகும். போட்டுவிட்டேன், இனி அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறவர்களும் உண்டு. இந்த விண்ணப்பம் நாடுகடத்தலைத் தானாக நிறுத்தாது. கோப்பு ஒரு பக்கம் கிடக்க, ஆள் விமானத்தில் போன கதைகள் இருக்கின்றன. கட்டணமும் நூற்றுக்கணக்கான டொலர்.

ஆகவே நான் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற விதம் இது. நம்பவில்லை என்பதுதான் காரணம் என்றால் மேன்முறையீட்டுப் பிரிவு, ஒலிப்பதிவோடு. மாற்றிடம் என்றால் அதே பிரிவுதான், ஆனால் வாதத்தின் முக்கால்வாசி கொழும்பைப் பற்றி இருக்க வேண்டும்: யார் தேடுகிறார்கள், அங்கேயும் எப்படிப் பிடிப்பார்கள், வயதுக்கும் உடல்நிலைக்கும் மொழிக்கும் அங்கே எப்படி வாழ்வது. உறுப்பினர் ஒரு முக்கியமான சான்றைத் தொடவே இல்லை, அல்லது பேச விடவில்லை என்பது போன்ற பிழை மேன்முறையீட்டிலும் நீங்காவிட்டால் பெடரல். உண்மையைச் சொன்னால் அகதிக் கதை மெலிந்தது, ஆனால் இங்கே எட்டு வருடம், இரண்டு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்றால், எப்படியும் முடிவில் உங்களைக் காப்பது மனிதாபிமான விண்ணப்பமாக இருக்கலாம். அப்படியானவர்கள் வரிக் கணக்கு, வேலைக் கடிதம், ஆசிரியர் கடிதம் எல்லாவற்றையும் இன்றே சேர்க்கத் தொடங்க வேண்டும். அப்பீலைப் போட்டுக்கொண்டே சேர்க்கலாம், ஒன்றும் குறுக்கிடாது.

எவரும் வாய் திறந்து சொல்லாத இன்னொரு தெரிவும் இருக்கிறது, தானாகப் போவது. வெளியேற்ற உத்தரவு நடைமுறைக்கு வந்து 30 நாளுக்குள், விமான நிலையத்தில் உறுதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு போனால் பின்னர் திரும்பி வர விசேட அனுமதி தேவைப்படாது. 30 நாள் கடந்தால் அது நாடுகடத்தல் உத்தரவாக மாறிவிடும். ஆபத்து உள்ளவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வேறு நாட்டில் துணைவரோ வேலையோ காத்திருக்கிறவர்களுக்கு இது வெட்கப்படத் தக்க தெரிவும் இல்லை.

யாரிடம் போவது என்பதில் ஒரு விஷயம் மட்டும். வாரியத்தின் முன் தோன்றுவதற்கான உரிமம் உள்ள குடிவரவு ஆலோசகர் மேன்முறையீட்டுப் பிரிவு வரை வரலாம், பெடரல் நீதிமன்றத்துக்கு வர முடியாது. அங்கே லோயர்தான். முதலே தெரிந்திருந்தால் 15 நாளில் ஆள் மாற்றுகிற ஓட்டம் இருக்காது. ஒன்ராறியோவில் சட்ட உதவி மேன்முறையீட்டுக்கும் கிடைக்கும், ஆனால் வெல்ல நியாயமான வாய்ப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். அந்தப் பரிசீலனையும் அதே 15, 45 நாளைத்தான் தின்னும். கடிதம் வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். என் நண்பர் ஒருவரின் கோப்பு ஓர் அலுவலக மேசையில் பதினொரு நாள் திறக்கப்படாமல் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் போன் பண்ணினார்கள், எந்தப் பிரிவு என்று கேட்டு.

கிளிநொச்சிக்காரரின் மேன்முறையீட்டில், பதிவிலிருந்து எடுத்த பகுதியை இரண்டு நிரலாக எழுதிக் கொடுத்தோம், தமிழில் சொன்னது ஒரு பக்கம், ஆங்கிலத்தில் போனது மறுபக்கம். சாட்சியத்தைத் திரும்பக் கேட்காமல் தன்னால் முடிவெடுக்க முடியாது என்று மேன்முறையீட்டு உறுப்பினர் கோப்பைக் கீழே அனுப்பினார். புதிய விசாரணைக்கு முதல் நாள் கிளிநொச்சிக்காரர் எனக்குப் போன் எடுத்தார். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கவில்லை, அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, நாளைக்கு நான் ஏழு நாள் எண்டு சொல்லட்டே?"